சுழலும் சக்கரமும் சுழலும் கொம்பும்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக் கருவி, கஞ்சக் கருவி என நான்காகப் பகுப்பது நம் முன்னோர் கண்ட முறை. இந்நான்கில் எதனுள்ளும் அடங்காத கருவி ஒன்று 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதில் மீட்டுவதற்கு நரம்பில்லை, காற்றுப் புகும் துளையில்லை, கொட்டுவதற்குத் தோலுமில்லை, தட்டுவதற்கு உலோகமுமில்லை. மின் மோட்டார் ஒன்றினால் சுழற்றப்படும் எஃகுச் சக்கரங்களே அதன் உயிர்நிலை. அதற்கு ஹாமண்ட் ஆர்கன் என்று பெயர்.

பள்ளிப் பௌதிகத்தில் தனித்தனியே கற்பிக்கப்படும் மின்காந்தத் தூண்டல், மேற்சுரங்களின் சேர்க்கை, டாப்ளர் விளைவு ஆகிய மூன்றும் இக்கருவியிலும் அதனுடன் வைக்கப்படும் சுழல் ஒலிபெருக்கியிலும் கண்ணாற் காணத்தக்க வகையில் அமைந்துள்ளன. இக்கட்டுரைக்கு அதுவே போதிய காரணமாகும். ஆயினும் வேறொன்றும் உண்டு. இக்கருவியைப் படைத்தவர் எதனை அதன் நிறைவு என்று கருதினாரோ, அதனையே வாசித்தவர்களும் கேட்டவர்களும் குறையென்று கண்டனர். அவர் குற்றமென்று நீக்க முயன்ற ஒன்றை அவர்கள் விரும்பி நாடினர். இவ்வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதை ஒலியியலைக் கொண்டே ஆராயலாம்.

கடிகாரத்தின் வழி வந்தது

லாரன்ஸ் ஹாமண்ட் (1895–1973) இயந்திரப் பொறியியல் பயின்றவர். இசை வல்லுநர் அல்லர். 1928இல் அவர் மின் கடிகார நிறுவனம் ஒன்றை நிறுவினார். அக்கடிகாரங்களில் இருந்தது ஒத்தியங்கு மோட்டார் என்னும் வகை. மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறதோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே இம்மோட்டார் சுழலும். சிறிது சுமை கூடினாலும் குறைந்தாலும் அதன் வேகம் மாறாது. காலத்தைக் காட்ட உதவும் இந்த மாறா வேகம், சுருதியைக் காக்கவும் உதவுமன்றோ? இதுவே ஹாமண்டின் எண்ணம். 1934இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சுழலும் இயந்திரத்தால் சுரம் எழுப்பும் முயற்சி இதற்கு முன்பே நடந்ததுண்டு. தாடியஸ் கேஹில் என்ற அமெரிக்கர் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1906இல் நியூயார்க் நகரில் ஏறக்குறைய 200 டன் எடையுள்ள இயந்திரத்தை நிறுவி, அதன் இசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே அனுப்பினார். மின்குறியைப் பெருக்கும் வால்வு அன்று பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. ஆகையால் கேட்கத் தக்க ஒலிக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் மின்னாக்கிகளே தரவேண்டியிருந்தது. ஹாமண்டின் காலத்தில் வால்வு வந்துவிட்டது. கேஹில் 200 டன் இரும்பைக் கொண்டு செய்ததை அவர் ஒரு மேசையளவுப் பெட்டிக்குள் அடக்கியதன் இரகசியம் இதுவே.

பெட்டியின் உள்ளே நோக்குவோம். ஏறத்தாழ இரண்டு அங்குல விட்டமுள்ள எஃகுச் சக்கரம். அதன் விளிம்பு அலைபோல் மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டிருக்கும். விளிம்பின் அருகே, அதனைத் தொடாமல், காந்தக் கோல் ஒன்றின் முனை நிற்கும். கோலைச் சுற்றிக் கம்பிச் சுருள் உண்டு. மேடு அருகே வரும்போது காந்தப் புலம் வலுக்கிறது; பள்ளம் வரும்போது மெலிகிறது. புலம் மாறுந்தோறும் சுருளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. வினாடிக்கு 440 மேடுகள் கடந்தால், வினாடிக்கு 440 அதிர்வுள்ள மின்னலை கிடைக்கும். அதனை வால்வுகளால் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் சுரம் ஒலிக்கிறது. மாணவர்க்கு இதனை விளக்க விரும்பும் ஆசிரியர் சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் ஓர் அட்டைத் துண்டைப் படும்படி பிடிக்கலாம். ஆரக்கம்பிகள் 40 ஆயின், சக்கரம் வினாடிக்கு ஐந்து முறை சுற்றும்போது 200 அதிர்வுள்ள ஒலி எழும். அட்டையின் இடத்தில் காந்தமும் சுருளும் நிற்பதே ஆர்கனில் உள்ள வேறுபாடு.

இனி, கணக்கின் அழகைக் காணலாம். ஹாமண்டின் மோட்டார் வினாடிக்கு 20 சுற்றுச் சுற்றும். ஒரு தாயியில் பன்னிரண்டு சுரங்கள். ஆகவே பற்சக்கரங்களின் உதவியால் பன்னிரண்டு வெவ்வேறு வேகங்கள் ஆக்கப்படுகின்றன. மேனாட்டார் ஏ என்று குறிக்கும் சுரத்துக்கு 88 பல் சக்கரம் 64 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. 20 × 88 ÷ 64 = 27.5 சுற்று. அந்த அச்சில் உள்ள சுரச் சக்கரங்களில் 2, 4, 8, 16, 32, 64, 128 என மேடுகள் இருமடங்காகப் பெருகும். 16 மேடுள்ள சக்கரம் தருவது 27.5 × 16 = 440. அடுத்தது 880, அதற்கடுத்தது 1760. தாயிதோறும் அதிர்வெண் இரட்டிக்கும் என்ற விதியைச் சக்கரத்தின் விளிம்பிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். சமப் பங்கீட்டு முறையில் அடுத்தடுத்த சுரங்களின் விகிதம் இரண்டின் பன்னிரண்டாம் மூலம், அதாவது ஏறக்குறைய 1.05946. இஃது எந்தப் பின்னத்துக்கும் சமமாகாத எண். பற்சக்கரத்திலோ அரைப் பல், கால் பல் என்று வெட்ட இயலாது. ஆகவே அண்மையான பின்னங்களைத் தேட வேண்டியதாயிற்று. சி என்னும் சுரத்துக்கு 85க்கு 104 என்பது தேர்ந்த விகிதம். அதனால் கிடைப்பது 261.54, கணக்குப்படி வேண்டியது 261.63. இரண்டையும் ஒருங்கே ஒலித்தால் ஏறக்குறைய 11 வினாடிக்கு ஒரு முறையே விம்மல் கேட்கும். கைதேர்ந்த சுருதிகாரரும் இதனைப் பிழையென்று கூறார். மேலே செல்லச் செல்ல 256 மேடுகள் வேண்டும். அவை மிக நெருங்கிவிடும். அதற்குப் பதிலாக, மத்திமம் அளவுக்கு வேகமாகச் சுழலும் வேறோர் அச்சில் 192 மேடுள்ள சக்கரத்தை வைத்தனர். 256 × 3 ÷ 4 = 192 என்பதை நோக்குக; சட்சமத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள விகிதம் 3க்கு 4 என்பது இசை ஆசிரியர்கள் அறிந்ததே. இவ்வாறு ஏழு சக்கரங்கள். பன்னிரண்டு அச்சுகளுக்கும் ஏழேழாக வரும் 84உடன் இவை சேர்ந்து மொத்தம் 91.

இவையனைத்தும் அமெரிக்காவின் 60 சைக்கிள் மின்சாரத்துக்கு ஏற்ற கணக்கு. அவ்வகை ஆர்கனை நம் நாட்டின் 50 சைக்கிள் மின்சாரத்தில் அப்படியே இணைத்தால் என்னாகும் என்று மாணவரைக் கேட்கலாம். எல்லாச் சுரங்களும் ஆறில் ஐந்து பங்காகக் குறையும்; 440 என்பது 366.67 ஆகும். கருவி சுருதி கலையாது. ஆனால் முழுவதும் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும்.

இழுகோல்கள்

வீணையின் சட்சமமும் குழலின் சட்சமமும் ஒரே அதிர்வெண் உடையனவாயினும் வேறாக ஒலிப்பதற்குக் காரணம் மேற்சுரங்களின் அளவு வேறுபாடே. ஹாமண்ட் ஆர்கனின் சக்கரம் தருவது மேற்சுரங்கள் ஏறக்குறைய இல்லாத வெற்றுச் சுரம். ஆகையால் மேற்சுரங்களை வாசிப்பவரே வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ள வகை செய்யப்பட்டது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒன்பது மின்தொடர்புகள் உள. ஒன்பது இழுகோல்கள் அவற்றை ஆளுகின்றன. ஒவ்வொரு கோலையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். ஒன்று அடிப்படைச் சுரம். ஒன்று அதன் கீழ்த்தாயி. ஒன்று ஒன்றரை மடங்கு. மற்றவை 2, 3, 4, 5, 6, 8 மடங்கு அதிர்வெண்கள்.

இம்மேற்சுரங்களுக்கெனத் தனிச் சக்கரங்கள் இல்லை. வேறு சுரத்தின் சக்கரத்திலிருந்தே அவை கடன் வாங்கப்படுகின்றன. 440இன் ஐந்து மடங்கு 2200. ஆனால் கடன் தரும் சக்கரம் ஒலிப்பதோ ஏறக்குறைய 2216.6. இயற்கையான நரம்பிலோ குழலிலோ நிகழாத இச்சிறு பிறழ்வு, இக்கருவிக்கே உரிய குரலின் ஒரு கூறாகிவிட்டது.

சலனமற்ற சுரம்

தேவாலயங்களில் உள்ள குழாய் ஆர்கனுக்கு மாற்றாகவே ஹாமண்ட் தம் கருவியை விற்றார். நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் அப்பெருங்கருவி மிகுந்த விலையுடையது. மின் ஆர்கன் அதற்கு நிகரென்று விளம்பரம் செய்தது முறையன்று என அமெரிக்க அரசின் வாணிப ஆணையத்தில் வழக்கு எழுந்தது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் ஒரு சோதனை நடந்தது. இரு கருவிகளும் மாறி மாறி ஒலிக்க, எது எதுவென்று கேட்டவர்கள் கூறவேண்டும். இசை வல்லுநர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறை தவறினர். மாணவர்களோ ஏறக்குறையப் பாதி முறை தவறினர். ஆயினும் 1938இல் ஆணையம், ஆர்கன் என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம், குழாய் ஆர்கனின் ஒலிகள் யாவற்றையும் தரும் என்று மட்டும் கூறலாகாது எனத் தீர்ப்பளித்தது.

இச்சோதனை நிகழ்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அது எதிரொலி மிகுந்த கல் மண்டபம். அத்தகைய இடத்தில் எந்தச் சுரத்துக்கும் ஒரு விரிவு கிடைத்துவிடும். சிறிய அறையில் நிலைமை வேறு. குழாய் ஆர்கனில் பல குழாய்கள் ஒரே சுரத்தை ஒலிக்கும்போது, அவை இம்மி அளவேனும் தம்முள் வேறுபடும். அதனால் மெல்லிய விம்மல்கள் எழுந்து ஒலி அசைந்துகொண்டே இருக்கும். நம் ஆர்மோனியத்தில் இரட்டை ரீடு வைப்பதன் பயனும் இதுவே. தம்புராவின் குதிரைமேல் நூலிழையைச் செருகி அதற்கு ஜீவா என்று பெயரிட்ட நம்மவர், அசைவற்ற ஒலியில் உயிர் இல்லை என்பதை நன்கு உணர்ந்தவர்கள். ஹாமண்ட் ஆர்கனில் 91 சக்கரங்களும் ஒரே மோட்டாருக்குக் கட்டுப்பட்டவை. இரு கட்டை வரிசைகளிலும் ஒரே சுரத்தை அழுத்தினாலும் ஒலிப்பது ஒரே சக்கரமே. சுருதி கலையாமை என்னும் பெருமை, சலனமின்மை என்னும் குறையாகவும் நின்றது. நிறுவனமும் இதனை உணராமல் இல்லை. சுரத்தை நெளியச் செய்யும் சாதனங்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. அவை பயன்பட்டன, ஆனால் மக்கள் மனத்தில் நின்ற விடை வெளியிலிருந்து வந்தது.

டான் லெஸ்லியின் பெட்டி

கலிபோர்னியாவில் டான் லெஸ்லி (1911–2004) என்பவர் 1937இல் ஒரு ஹாமண்ட் ஆர்கனை வாங்கினார். கடையின் விசாலமான கூடத்தில் இனிமையாக ஒலித்த கருவி, தம் வீட்டில் தட்டையாக ஒலிப்பதைக் கண்டு ஏமாற்றமடைந்தார். ஒலியின் மூலமே நகர்ந்தால் என்ன என்று சிந்தித்த அவர், சில ஆண்டுச் சோதனைக்குப் பின் ஒரு பெட்டியை உருவாக்கினார். அதனை ஹாமண்ட் நிறுவனத்துக்குக் காட்டினார், நிறுவனம் ஏற்கவில்லை. பின்னர்த் தாமே தொழில் தொடங்கினார்.

லெஸ்லி பெட்டி உயரமான மர அலமாரி போன்றது. உள்ளே வால்வுப் பெருக்கி ஒன்று. ஏறக்குறைய 800 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் மேல்தட்டுக்கும், தாழ்ந்தவை கீழ்த்தட்டுக்கும் பிரிக்கப்படுகின்றன. மேல்தட்டில் ஒலிபெருக்கி அசையாது; அதன் வாயில் பொருத்திய கொம்பு மட்டும் சுழலும். பார்வைக்கு இரு கொம்புகள் தெரியும். ஒன்றிலிருந்தே ஒலி வரும். மற்றது எடைச் சமநிலைக்காக வைத்த ஊமைக் கொம்பு. இதனை அறியாமல் இரண்டாவது கொம்பு பழுதாயிற்று என்று கவலைப்பட்டோர் பலர் இருத்தல் கூடும்! கீழ்த்தட்டில் பெரிய ஒலிபெருக்கி ஒன்று தரையை நோக்கி ஒலிக்க, அதன் கீழே மரத்தாலான உருளை ஒன்று எதிர்த்திசையில் சுழன்று ஒலியைப் பக்கவாட்டில் வீசும்.

கொம்பின் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி உயர்கிறது; விலகும்போது தாழ்கிறது. இதுவே ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் கூறிய விளைவு. 1845இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட், ஓடும் இரயில் வண்டியில் ஊதுகருவி வாசிப்போரை ஏற்றி இதனை மெய்ப்பித்தார். லெஸ்லி பெட்டியில் இதன் அளவைக் கணக்கிடுவோம். கொம்பின் வாய் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது எனவும், நிமிடத்துக்கு 400 சுற்று எனவும் கொள்வோம். வாயின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 8.4 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர். ஆகவே சுருதி இரண்டரை விழுக்காடு ஏறி இறங்கும். கொம்பிலிருந்து வரும் 880 அதிர்வுள்ள சுரம் ஏறக்குறைய 902க்கும் 859க்கும் இடையே அசையும். இஃது அரைச்சுரத்தின் பாதிக்கும் குறைவு. வேகத்தை நிமிடத்துக்கு 40 சுற்றாகக் குறைத்தால் அசைவும் பத்தில் ஒரு பங்காகும். அப்போது செவிக்குச் சுருதி மாறுவதாகவே தோன்றாது. ஒலி மூச்சு விடுவதாகத் தோன்றும்.

சுருதி மட்டுமன்று. கொம்பு நம்மை நோக்கும்போது ஒலி வலுத்தும், விலகும்போது மெலிந்தும் கேட்கும். அது சுவரை நோக்கும்போது சுவரிலிருந்து எதிரொலி வரும். அந்த எதிரொலியின் சுருதி, நேரே வரும் ஒலியின் சுருதியினின்று சிறிது வேறுபட்டிருக்கும். ஆக, ஒரே சக்கரத்தில் பிறந்த சுரம், சிறு சிறு வேறுபாடுள்ள பல சுரங்களாக அறை முழுவதும் பரவுகிறது. குழாய் ஆர்கனில் பல குழாய்கள் செய்த வேலையை இங்கே ஒரு கொம்பும் நான்கு சுவர்களும் செய்துவிடுகின்றன.

வகுப்பில் இதனைக் காட்டுவது எளிது. மின்கலத்தால் ஒலிக்கும் சிறு பஸர் ஒன்றைத் துணியில் பொதிந்து, ஒரு மீட்டர் நீளமுள்ள உறுதியான நைலான் கயிற்றில் கட்டித் தலைக்குமேல் வினாடிக்கு இருமுறை சுழற்றலாம். கயிற்றுக்குச் செலவைக் குறைக்க வேண்டா. இதனை எழுதுபவர் முதன்முறை தேங்காய் நார்க் கயிற்றில் செய்துகாட்டியபோது, கயிறு அறுந்து பஸர் பள்ளியின் ஓட்டுக் கூரைமேல் சென்று வீழ்ந்து, மாலைவரை அங்கேயே ஒலித்துக்கொண்டிருந்தது. மாணவரைப் பத்தடி தள்ளி நிறுத்துவதும் இன்றியமையாதது. சுற்றி நிற்போர்க்குச் சுருதி ஏறி இறங்கும். சுழற்றுபவர்க்கோ மாறாது ஒலிக்கும். ஏன் என்று மாணவரே கூறட்டும். மையத்தில் நிற்பவருக்கும் பஸருக்கும் இடையே தொலைவு மாறுவதில்லை என்ற விடை வந்தால், டாப்ளர் விளைவு விளங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

வாசித்தவர்கள்

லாரன்ஸ் ஹாமண்டுக்கு லெஸ்லியின் பெட்டி பிடிக்கவில்லை. அவர் நிறுவனம் பல ஆண்டுகள் அதனைப் பகைப் பொருளாகவே கருதியது. ஆனால் தீர்ப்பு வாசிப்போர் கையில் இருந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்கள் பல ஹாமண்ட் ஆர்கனை வாங்கின. அருகே லெஸ்லி பெட்டியும் இடம்பெற்றது. போதகரின் குரல் உயரும்போது கொம்பு விரைந்து சுழல்வதும், அடங்கும்போது மெல்லச் சுழல்வதும் வழிபாட்டின் ஓர் உறுப்பாயின.

ஜாஸ் இசையில் பில் டேவிஸ் என்பவரின் வாசிப்பைக் கேட்ட ஜிம்மி ஸ்மித் என்ற பியானோக் கலைஞர், 1950களின் நடுவில் ஓர் ஆர்கனை வாங்கினார். பிலடெல்பியா நகரில் ஒரு கிடங்கில் அதனை வைத்து மாதக்கணக்கில் தனியே பயின்றார். காலால் அழுத்தும் மிதிகட்டைகளின் படத்தை வரைந்து சுவரில் ஒட்டி, கீழே நோக்காமல் மிதிக்கப் பழகினார் என்பர். 1956இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. இடக்கையும் காலும் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொள்ள, வலக்கை விரைந்தோடும் அவர் முறை பலருக்கு வழிகாட்டியாயிற்று. அதே பிலடெல்பியாவிலிருந்து ஷெர்லி ஸ்காட் என்ற பெண் கலைஞரும் புகழ் பெற்றார்.

இக்கருவியின் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியளவு ஒன்றே. வீணையில் விரல் செய்யும் நயம் எதுவும் இங்கு விரலால் ஆகாது. ஆகவே கலைஞர்கள் வேறு வழிகளைத் தேடினர். கட்டையின் ஒன்பது மின்தொடர்புகள் ஒரே நொடியில் இணைவதில்லை. அதனால் சுரம் தொடங்கும்போது சிறு சொடுக்கொலி எழும். பொறியாளர்கள் இதனைக் குற்றமெனக் கருதிக் குறைக்க முயன்றனர். விரைந்த வாசிப்பில் ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகத் தொடங்கிவைப்பது அதுவே என்று கலைஞர்கள் கண்டனர். மற்றொரு வழி லெஸ்லியின் விசை. வேகத்தை மாற்றும் விசையைத் தட்டியவுடன் இலேசான கொம்பு ஏறக்குறைய ஒரு வினாடியில் விரைந்துவிடும். கனத்த உருளையோ பல வினாடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் மேற்சுரங்கள் ஒரு வேகத்திலும் தாழ்ந்த சுரங்கள் வேறு வேகத்திலும் அசையும். கேட்போர் உள்ளத்தைக் கவர்வது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட நிலையே. நிலைமத்தைப் பற்றிய பாடத்துக்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டு அரிது.

1966இல் பீட்டில்ஸ் குழுவினர் ஜான் லெனனின் குரலையே லெஸ்லி பெட்டி வழியே செலுத்திப் பதிவு செய்தனர். கிதார் வாசிப்போரும் அதனை நாடினர். 1980இல் ஹாமண்ட் நிறுவனமே லெஸ்லி பெயரை விலைக்கு வாங்கியது.

சக்கரங்கள் சுழலும் ஆர்கன்களின் உற்பத்தி 1970களின் நடுவில் நின்றது. பெயர் பெற்ற பி-3 என்னும் வகை, மிதிகட்டையும் இருக்கையும் சேர ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ளது. அதனை மாடிப்படி ஏற்றி இறக்கிய கலைஞர்கள் இலேசான மின்னணுக் கருவிகளை வரவேற்றதில் வியப்பில்லை. இன்றைய மின்னணு ஆர்கன்களில் எஃகுச் சக்கரமும் இல்லை, கொம்பும் இல்லை, எல்லாம் கணிப்பு. அவற்றை அமைக்கும் பொறியாளர்கள் 440க்கு ஐந்தாம் மடங்காக 2200ஐ எளிதாகத் தரலாம், தருவதில்லை, 2216.6ஐயே தருகின்றனர். சொடுக்கொலியையும் வேண்டுமென்றே சேர்க்கின்றனர். கொம்பு விரைவதற்கு இத்தனை வினாடி, உருளை விரைவதற்கு இத்தனை வினாடி என்று தனித்தனியே குறித்தும் வைக்கின்றனர்.